இடிக்கப்போற வீட்டு மரங்களை எப்படிக் காப்பாத்தறது?

கேள்வி (நங்கநல்லூர் வாசி):
வணக்கம். பாட்டி வீட்டை ஐப்பசிக்குள்ள காலி பண்ணிக் கொடுக்கணும், அப்புறம் அந்த இடத்துல அடுக்குமாடி வருது. பின்கட்டுல பங்கனபள்ளி மாமரம், கிணத்தடியில குண்டுமல்லி, காம்பவுண்டு ஓரமா மாதுளை, முருங்கை, ஒரு தென்னை. எல்லாம் தாத்தா, பாட்டி கையால வெச்சது. தாம்பரத்துல அண்ணன் வீட்டுல மண் தரை இருக்கு, எனக்கு மாடி இருக்கு. மாங்கொட்டையை முளைக்க வெச்சா அதே பழம் வருமா? கிளையை ஒடிச்சு நட்டாலே போதும்னு பக்கத்து வீட்டு மாமா சொல்றார். இப்ப ஆனி பாதி ஆயிடுச்சு. எதை முதல்ல தொடங்கணும்?

பதில் 1 (குரோம்பேட்டை மாடித்தோட்டம்):
முருங்கை ரொம்ப சுலபம். நல்லா முத்தின கிளையில மூணு, நாலு அடிக்குப் போத்து வெட்டி நேரா மண்ணுல நடுங்க. மேல் வெட்டுல ஒரு சாண உருண்டை வெச்சிடுங்க, நுனி காயாது. தண்ணி தேங்கினா அழுகிடும், அதை மட்டும் பாத்துக்குங்க.

பதில் 2 (ஒட்டுக்கட்டுபவர், மாதவரம்):
தம்பி, ஒட்டு கட்டுறதுதான் என் தொழில். முதல்ல மல்லியைக் கவனிங்க, அதுக்குத்தான் நாள் பிடிக்கும். தரையை ஒட்டின முத்தின கொடியை வளைச்சு, ஒரு கணுவுக்குக் கீழ லேசா கீறிவிட்டு, அந்த இடத்தை மண்ணுல புதைச்சு மேல கல்லு வைங்க. நுனி வெளியில இருக்கட்டும். வேர் பிடிக்க 90 முதல் 120 நாள் ஆகும். இந்த வாரமே போட்டாத்தான் ஐப்பசிக்குள்ள அறுத்து எடுக்க முடியும்.

மாதுளைக்கு விண்பதியம், அதாவது கிளை மரத்துல இருக்கும்போதே அதுல வேர் விட வைக்கறது. பென்சில் கனத்துக் கிளையில ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை மோதிரம் மாதிரி சுத்தி எடுத்துடுங்க. தண்ணி கட்டை வழியா மேல போய்க்கிட்டே இருக்கும், கிளை வாடாது. இலை செஞ்ச சாப்பாடு பட்டை வழியாத்தான் கீழ இறங்கணும். வழி அறுந்ததால வெட்டுக்கு மேலேயே தேங்கி அங்க வேர் விடும். ஈரத் தேங்காய்நார்க் கழிவை வெச்சு பாலித்தீனால ரெண்டு முனையும் இறுக்கிக் கட்டுங்க.

மாமரத்துக்கு வர்றேன். கொட்டையை நம்பாதீங்க. பங்கனபள்ளிக் கொட்டைக்குள்ள ஒரே கரு, அது மகரந்தம் சேர்ந்து உண்டானது. எந்த மரத்து மகரந்தம்னு யாருக்குத் தெரியும்? ஒலூர், சந்திரக்காரன் மாதிரி கேரளத்து ரகங்கள்ல ஒரு கொட்டைக்குள்ள பல கரு இருக்கும், பெரும்பாலும் தாய்த் திசுவுல இருந்தே வர்றது. அதுங்கதான் விதையிலும் தாயை உரிச்சு வைக்கும். ஒடிச்சு நட்ட மாங்கிளை லேசுல வேர் விடாது. உங்க மரத்துக்கு ஒட்டு ஒண்ணுதான் வழி.

மூணு, நாலு மாச வயசுள்ள குச்சியாத் தேர்ந்தெடுங்க. வெட்டறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே காம்பு மட்டும் நிக்கிற மாதிரி இலைகளைக் கத்தரிச்சுடுங்க, நுனி மொட்டு உப்பி நிக்கும். நாட்டு மாங்கன்னு ஒண்ணு வாங்கி அதோட இளந்தண்டைக் கொண்டையில வெட்டி நடுவுல பிளங்க. குச்சியோட அடியை ரெண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவி அதுல இறக்குங்க. பட்டைக்கு அடியில வழவழன்னு ஒரு பச்சைப் படலம் இருக்கும், தொட்டா விரல்ல ஈரம் ஒட்டும். உயிர் அதுலதான் இருக்கு. குச்சி மெலிசா இருந்தா நடுவுல நிறுத்தாதீங்க, ஒரு ஓரமா ஒதுக்கி அந்தப் பக்கத்துப் படலமாவது ஒண்ணோட ஒண்ணு தொடுற மாதிரி வைங்க. நிறைய ஒட்டு இந்த இடத்துலதான் போகுது. பாலித்தீன் நாடா சுத்தி, மேல ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை மாட்டி நிழல்ல வைங்க. ரெண்டு, மூணு வாரத்துல மொட்டு விரியும். சென்னையில ஆடி, ஆவணி இதுக்குத் தோதான காலம். ஒண்ணோட நிறுத்தாம நாலஞ்சு கட்டிடுங்க.

பதில் 3 (பொள்ளாச்சிப் பொண்ணு, வேளச்சேரி):
தென்னையில பதியமும் கிடையாது, ஒட்டும் கிடையாது அண்ணா. அவர் சொன்ன அந்தப் படலமே தென்னைக்கு இல்லை, வளர்ற குருத்தும் ஒண்ணே ஒண்ணுதான். மரத்துலயே நல்லா முத்தின நெத்தை இறக்கி நாத்து விடுங்க. நெட்டை ரகமா இருந்தா அயல் மகரந்தம் சேரும், அதனால கன்னு அச்சா தாய் மாதிரி இருக்காது. ஆனாலும் பாட்டி மரத்தோட பிள்ளைதானே.

நங்கநல்லூர் வாசி:
எல்லாருக்கும் நன்றி. மல்லியை நாளைக்கே வளைச்சுப் போடறேன். சமையல்கட்டுத் தண்ணி போற இடத்துல பாட்டியோட மொந்தன் வாழையும் இருக்கு. பக்கக் கன்னு எடுக்கலாமா? இலை மட்டும் சிறுத்து, மேல கொத்தா நிக்குது.

ஒட்டுக்கட்டுபவர், மாதவரம்:
எடுக்காதீங்க தம்பி. இலைக்காம்புல கரும்பச்சையில புள்ளியும் கோடும் தெரியுதா பாருங்க. தெரிஞ்சா அது முடிக்கொத்து நோய். வைரஸ் கிழங்குலயே இருக்கும், கன்னோட கூடவே வரும். மிச்சத்தை அசுவினிப் பூச்சி பரப்பிடும். பழனி, சிறுமலைப் பக்கம் விருப்பாச்சி வாழை அழிஞ்சதே இதனாலதான். அப்படியே விட்டாலும் அக்கம்பக்கத்து வாழைக்குப் பரவும், அதனால முதல்ல அசுவினிக்கு மருந்தடிச்சு அப்புறம் கிழங்கோட தோண்டி அழிச்சுடுங்க. அண்ணன் வீட்டுக்கு நோயில்லாத தோட்டத்துல இருந்து வேற மொந்தன் கன்னு பாத்து வாங்குங்க. மாங்குச்சி வெட்டற அன்னைக்கு ஈரத்துணியில சுத்தி மாதவரத்துக்குக் கொண்டு வந்தா நானே கட்டித் தர்றேன்.