போதை ஊசிப் பழக்கமுள்ள, வீடற்ற நோயாளி பாதியில் போய்விட்டார்: பிழை யாருடையது?

கேள்வி (வைகைச்செவிலி):
மதுரையில் ஓர் அறுவைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வைகைக் கரையில் படுத்துறங்கும் ஒருவர், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டதால் கையில் சீழ்க்கட்டியோடு சேர்ந்தார். கட்டு மாற்றும்போதெல்லாம் ‘ஊசி கேஸ்’ என்று அவரைக் கடைசிக்குத் தள்ளினோம், நானும் தள்ளினேன். இரண்டாம் நாள் இரவு அவர் எழுந்து போய்விட்டார். ‘சொல்லாமல் ஓடியவர்’ என்று எழுதி முடித்தோம். இவர்கள் சிகிச்சைக்கு ஒத்துழைக்க மாட்டார்கள் என்று மூத்தவர்கள் சொல்வது சரியா?

மனநலத்துறைக்காரன்:
சகோதரி, அவர் எப்போது போனார் என்பதே பாதி விடை. ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வலி மாத்திரைகள் பெரும்பாலும் அபினி வகை. அவற்றில் குறுகிய நேரமே வேலை செய்பவற்றை நிறுத்தினால், ஏறத்தாழ அரை நாளுக்குள் கொட்டாவி, மூக்கு ஒழுகல், உடல்வலி, வயிற்றுப்போக்கு எல்லாம் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். அந்த வேதனையை ‘நடிக்கிறான்’ என்று நாம் ஒதுக்கும்போது, அதைத் தணிக்கும் வழி வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது என்று அவர் முடிவு செய்கிறார். நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரையால் இதைக் கட்டுப்படுத்தலாம். உலக சுகாதார நிறுவனம் 2005லேயே அதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மனநலப் பிரிவுக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தால் போதும். இன்னொன்று: பழகிய உடலுக்கு வழக்கமான அளவு வலிமருந்து பற்றாமல் போகலாம், அது பேராசை அன்று.

சிம்மக்கல்வாசி:
தெருவில் வாழ்வோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவன் நான். முதல் கேள்வியே “கூட யார் வந்திருக்கிறார்கள்?” என்பதுதான். பெயரைச் சொன்ன பிறகும் ‘பெயர் தெரியாதவர்’ என்று பதிந்ததைப் பார்த்திருக்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைகளையும் தன் வரையறைக்குள் சேர்க்கிறது. ஆதரவற்றோருக்கும் வீடற்றோருக்கும், ஏழ்மையைக் காட்டும் அட்டை இல்லாவிட்டாலும், அரசு நிலையங்களில் இலவச மனநல சிகிச்சை உண்டு என்கிறது.

இரவுப்பணி:
சட்டம் சரி, ஐயா. ஆனால் நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர் நிற்கும்போது யாரைக் கடைசிக்குத் தள்ளுவது என்றும் சொல்லுங்கள். ஊசி குத்திவிடுமோ என்ற பயமும் எங்களுக்கு உண்டு.

மனநலத்துறைக்காரன்:
பயம் நியாயமே. ஆனால் கையுறையும் ஊசிப்பெட்டியும் எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான். இரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது வேட்டி மடிப்பில் தெரியாது. ஆள் பற்றாக்குறைக்கு என்னிடம் விடை இல்லை.

வைகைச்செவிலி:
அந்தக் கேஸ் ஷீட்டை இன்று மீண்டும் எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் இரவுக் குறிப்பில் ‘கொட்டாவி, வயிற்றுப்போக்கு மூன்று முறை, தூக்கமில்லை’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.