மூலைக் கால்கள் சாய்கின்றன, காண்ட்ராக்டர் மண்ணைக் குறை சொல்கிறார், மீதிப் பணமும் கேட்கிறார்

தோட்டத்துக்காரி கேட்டது:

வீட்டைச் சுற்றிக் கம்பி வலை வேலி போட்டேன். பச்சை பிளாஸ்டிக் பூசிய செயின்லிங்க் வலை, 5 அடி உயரம். 10 அடிக்கு ஒரு இரும்புக் குழாய்க் கால். முன்பக்கம் ஒற்றைக் கதவு கேட். வேலை முடிந்து ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை, நான்கு மூலைக் கால்களில் மூன்று சாய்ந்துவிட்டன. மூன்றும் உள்பக்கமாக, வீட்டைப் பார்த்துத்தான் சாய்ந்திருக்கின்றன. நடுவில் இருக்கிற கால்கள் நேராக நிற்கின்றன, ஆனால் அவற்றுக்கிடையே வலை தொளதொளவென்று தொங்குகிறது.

கேட்டைத் திறந்தால் அதன் நுனி தரையில் அரைவட்டம் கீறுகிறது. தாழ்ப்பாள் அதன் ஓட்டைக்கு ஒரு விரல் கீழே நிற்பதால், கேட்டைக் காலால் தூக்கிப் பிடித்துத்தான் பூட்ட வேண்டியிருக்கிறது.

போட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இது இளகின மண்ணு மேடம், நான் என்ன பண்றது?" என்றார். மண் மூலையில் மட்டும்தான் இளகுமா என்று கேட்டதற்கு, "சார் இல்லையா? சார்கிட்ட பேசிக்கிறேன்" என்றார். கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டது நான், முன்பணம் கொடுத்தது நான், வீடும் என் பெயரில் இருக்கிறது. இதில் சார் எங்கிருந்து வந்தார் என்று எனக்குப் புரியவில்லை.

கொட்டேஷனில் எழுதியிருப்பது: கால்கள் தரைக்குள் 2 அடி, கான்கிரீட் போட்டு. வலைக் கம்பி 10 கேஜ். மூலைகளில் சாய்வாக முட்டுக் கால். முட்டுக் கால் ஒரு மூலையில்கூட இல்லை. "இந்த உயரத்துக்கு அது தேவையே இல்லை" என்கிறார். தேவையில்லை என்றால் எதற்கு எழுதி, அதற்கும் சேர்த்து விலை போட்டார்?

இன்னும் இரண்டு விஷயம். கான்கிரீட் ஊற்றிய மறுநாள் காலையிலேயே வலையை இழுத்துக் கட்டினார்கள், நான் அங்கேயேதான் நின்றேன். கால்கள் தரைக்கு மேலே எவ்வளவு என்று டேப் வைத்து அளந்தேன், எல்லாம் 5 அடி 4 அங்குலம். தரைக்குள் எவ்வளவு என்றுதான் தெரியவில்லை.

மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு இன்னும் நான் தரவில்லை. அது வராவிட்டால் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று போனில் சொன்னார். மண்ணைக் குறை சொல்வது நியாயமா? எல்லாவற்றையும் தோண்டிப் போடாமல் இதை எப்படி நிரூபிப்பது? மீதிப் பணத்தை நிறுத்தி வைப்பது சரிதானா?

சும்மா வந்தவர்:

இதுக்கு எதுக்குச் சண்டை? மூலைக்கு ஒரு முட்டு கொடுத்து வெல்டு வைத்தால் நின்றுவிடும். அரை நாள் வேலை.

வெல்டிங் பட்டறை:

மேலே சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஆழம் இல்லாத காலுக்கு உள்பக்கமிருந்து முட்டு வைத்தால், வலை இழுக்க இழுக்க அந்த முட்டே காலை மேலே நெம்பிவிடும். முட்டு கட்டாயம் வேண்டும், ஆனால் கால் முதலில் ஆழமாக நிற்க வேண்டும்.

மேடம், சாய்ந்த திசையிலேயே பாதிப் பதில் இருக்கிறது. இந்த வலையை ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு இழுத்து விறைப்பாக்குவார்கள். நடுக் கால்கள் வலையை நிமிர்த்திப் பிடிப்பதோடு சரி, இழுவை முழுவதும் மூலைக் கால்களின் தலையில்தான் விழும். ஒரு மூலையை இரண்டு பக்கத்து வலையும் இழுக்கிறது. இரண்டும் ஒரே விறைப்பு என்றால் சேர்ந்த இழுவை ஒரு பக்கத்து இழுவையைப் போல் சுமார் 1.4 மடங்கு. திசை இரண்டுக்கும் நட்டநடுவே, அதாவது மனையின் உள்பக்கம். மண்தான் காரணம் என்றால் ஒன்று தெருவைப் பார்த்துச் சாயும், ஒன்று பக்கத்து மனையைப் பார்த்துச் சாயும், நடுக் கால்களிலும் சிலது ஆடும். மூன்றும் சொல்லி வைத்தாற்போல் உள்ளே சாய்ந்தால் அது வலையின் இழுவை. மண் உண்மையிலேயே இளகல் என்றாலும், அதற்கேற்ப ஆழமாகக் குழி எடுப்பதற்குத்தானே அவருக்குக் கூலி.

அப்புறம் உங்கள் 5 அடி 4 அங்குலம். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். குழாய் வழக்கமாக 6 மீட்டர் நீளத்தில் வரும். மூன்றாக வெட்டினால் ஒரு துண்டு 2 மீட்டர், அதாவது 6 அடி 7 அங்குலம். அதில் மேலே தெரிகிற 5 அடி 4 அங்குலத்தைக் கழியுங்கள். மண்ணுக்குள் 1 அடி 3 அங்குலம்தான் மிச்சம். சொன்னபடி 2 அடி புதைக்க வேண்டுமானால் ஒவ்வொரு காலும் 7 அடி 4 அங்குலம் இருக்க வேண்டும். அப்படி வெட்டினால் ஒரு குழாயில் இரண்டு கால்தான் கிடைக்கும், 5 அடித் துண்டு ஒன்று கையில் நிற்கும். அந்தத் துண்டில்தான் முட்டுக் கால் செய்திருக்கலாம். அவர் இரண்டையும் மிச்சம் பிடித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். தோண்டிப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தோண்டுவதற்கு ஒரே ஒரு குழி போதும். மூலைக் காலைத் தொடாதீர்கள், அது இழுவையில் இருக்கிறது. நடுக் கால் ஒன்றின் பக்கத்தில், கான்கிரீட்டை ஒட்டி, கடப்பாரையால் குறுகலாக இறக்குங்கள். கான்கிரீட் எங்கே முடிகிறது, குழாய் எங்கே முடிகிறது என்று இரண்டையும் பாருங்கள். சில பேர் மேலே தொப்பி மாதிரி கொஞ்சம் கலவையைப் போட்டுவிட்டு, கீழே தோண்டிய மண்ணையே தள்ளி மூடிவிடுவார்கள்.

மறுநாளே வலை கட்டினார்கள் என்பதும் சின்ன விஷயம் இல்லை. கான்கிரீட்டின் வலுவைக் கணக்கெடுப்பதே 28 நாளில்தான். ஒழுங்காக நனைத்து வந்தால் 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வரும். மறுநாள் அது கெட்டியாகத் தெரியும், அவ்வளவுதான். நடுக் கால் தாங்கிக்கொள்ளும், மூலைக் கால் தாங்காது.

கேட்டில் குறுக்கே ஒரு பட்டை வைத்திருப்பார்களே, அது மெல்லிய பட்டையா? கீல் பக்கத்தின் கீழ் மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்தின் மேல் மூலைக்குப் போகிறதா? அப்படியென்றால் அது தப்பு. மெல்லிய பட்டையால் இழுத்துப் பிடிக்கத்தான் முடியும், தாங்க முடியாது. கீல் பக்கத்தின் மேல் மூலையிலிருந்து எதிர்ப்பக்கக் கீழ் மூலைக்குப் போக வேண்டும்.

நானும் வேலிக்காரன்:

இங்கே எல்லோருக்கும் காண்ட்ராக்டர் என்றாலே திருடன்தான். ஒரு அடியில் பாறை தட்டினால் என்ன செய்வது? துளை போடும் மெஷின் வாடகை எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது. ஆட்கள் குழாயை அறுத்து நட்டுவிட்டு வந்துவிடுவார்கள், முதலாளிக்கே பல நேரம் தெரியாது. அந்தம்மா விலையை எவ்வளவு அடித்துக் குறைத்தார் என்று யாராவது கேட்டீர்களா?

ஆனால் வலையைச் சுருட்டிக்கொண்டு போவேன் என்று சொன்னது தப்பு. தொழில் செய்கிறவர் பேசுகிற பேச்சு இல்லை அது.

ஒன்று சொல்கிறேன். சரிசெய்ய வரும் ஆட்களுக்கு அவர் அன்றன்றே கூலி கொடுக்க வேண்டும். கடைசிவரை ஒரு காசும் தரமாட்டேன் என்று நின்றால் அவர் திரும்ப வரவே மாட்டார். வேலை நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

தோட்டத்துக்காரி:

வேலிக்காரருக்கு: நான் விலையைக் குறைக்கவே இல்லை. அவர் எழுதித் தந்த தொகைக்கு அப்படியே சரி என்றேன். குறைத்திருந்தாலும், குறைந்த விலைக்கு 2 அடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவும் 2 அடிதானே? பாறை வந்தது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் மெஷினுக்குத் தனியாகக் கொடுத்திருப்பேன்.

பட்டறைக்காரருக்கு: கேட் பட்டை நீங்கள் சொன்ன தப்பான பக்கம்தான் போகிறது. நடுவில் வளைந்தும் இருக்கிறது. 12 கேஜ் வலையைப் போட்டுவிட்டு 10 என்று சொல்வார்களாமே, அதையும் பார்க்க முடியுமா?

வெல்டிங் பட்டறை:

முடியும். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். நாம் புழங்குகிற பழைய பிரிட்டிஷ் அளவில் 10 கேஜ் 3.25 மி.மீ., 12 கேஜ் 2.64 மி.மீ. பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் மூன்றில் ஒரு பங்கு இரும்பு குறைந்துவிடும், ஏனென்றால் எடை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பச்சைப் பூச்சோடு சேர்த்து அளந்தால் 12 கேஜும் 10 போலவே காட்டும். வெட்டுப்பட்ட நுனியில் பிளாஸ்டிக்கைச் சுரண்டிவிட்டுக் காலிபர் வையுங்கள். கேஜ் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும், அதனால் இனி எதை எழுதினாலும் மி.மீ.யில் எழுதச் சொல்லுங்கள்.

காகிதம் முக்கியம்:

போனில் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள். அவர் கூப்பிட்டால் எடுங்கள், பேசி முடித்ததும் "நீங்கள் இன்று சொன்னது இது" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். வலையைச் சுருட்டிக்கொண்டு போவேன் என்றாரே, அதையும்தான்.

குழியை அவர் இல்லாதபோது தோண்டினால், நீங்களே காலை ஆட்டிவிட்டீர்கள் என்பார். நாள் குறித்து அழையுங்கள். வராவிட்டால் அக்கம்பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, டேப் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு தோண்டுங்கள். அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுக்காமல் வேறு ஆளை வைத்துச் சரிசெய்யாதீர்கள். பிறகு நுகர்வோர் வழக்கு என்று போனால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். கோபம் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"உங்கள் கொட்டேஷனில் கால்கள் தரைக்குள் 2 அடி, மூலைகளில் முட்டுக் கால், 10 கேஜ் வலை என்று உள்ளது. மூன்று மூலைக் கால்கள் சாய்ந்துள்ளன. முட்டுக் கால்கள் வைக்கப்படவில்லை. கேட் பூட்ட வரவில்லை. இந்தத் தேதியில் ஒரு காலின் ஆழத்தை உங்கள் முன்னிலையில் அளக்க விரும்புகிறேன். கொட்டேஷன்படி வேலையை முடித்துக் கொடுத்ததும் மீதித் தொகையைத் தருகிறேன். அதுவரை வலையையோ கால்களையோ என் அனுமதியின்றிக் கழற்றக் கூடாது."

பணம் தரமாட்டேன் என்று எங்கும் எழுதாதீர்கள். வேலை முடிந்ததும் தருகிறேன் என்பது வேறு, தரமாட்டேன் என்பது வேறு. வேலிக்காரர் சொன்னபடி நடுவில் ஏதாவது கொடுத்தால், எந்த வேலைக்காக என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். "கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்ற வரி அதில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

தோட்டத்துக்காரி:

நடந்ததைச் சொல்கிறேன். கடிதத்தை ஏறக்குறைய அப்படியே அனுப்பினேன். குறித்த நாளில் இரண்டு ஆட்களோடு வந்தார். அவர் ஆளே கடப்பாரை பிடித்தார்.

டேப் 1 அடி 3 அங்குலம் காட்டியது. பட்டறைக்காரரே, ஒரு அங்குலம்கூட மாறவில்லை. கான்கிரீட் அதற்கும் மேலே, முக்கால் அடியிலேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே குழாய் வெறும் மண்ணில் நிற்கிறது. பாறை கிடையாது, ஒரு கூழாங்கல்கூட இல்லை. "பசங்க பண்ணிட்டாங்க" என்றார். முதலாளிக்கே தெரியாது என்று வேலிக்காரர் எழுதியது ஞாபகம் வந்தது. ஆனால் குழாயை மூன்றாக வெட்டச் சொன்னது எந்தப் பசங்க என்று நானும் கேட்டேன்.

நான்கு மூலைக் கால்களையும் இரண்டு கேட் கால்களையும் பிடுங்கிவிட்டு, பருமனான குழாயில் இரண்டரை அடி ஆழம் போட்டு, முட்டோடு வைத்துத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். கேட் பட்டையையும் மாற்றுவார். நடுக் கால்களை மட்டும் இருக்கிறபடி விட்டுவிடலாம், அதற்குத் தொகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார். அதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. ஒத்துக்கொள்ளலாமா?

வெல்டிங் பட்டறை:

வேலியில் என்ன ஏற்றப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெறும் வலை என்றால் காற்று ஊடுருவிப் போய்விடும், நடுக் காலுக்குப் பெரிய வேலை இல்லை. மூலைகள் உறுதியாக இருந்தால் 1 அடி 3 அங்குலத்திலேயே பல காலம் ஓடும், கழிவை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். கொடி படர விட்டாலோ, மறைப்புக்கு நிழல்வலை கட்டினாலோ வேலி முழுக்கக் காற்றைப் பிடிக்கும். அப்போது நடுக் கால்தான் முதலில் படுக்கும். உங்கள் பெயரே தோட்டத்துக்காரி என்றிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

இன்னொன்று. புதுக் குழியில் கான்கிரீட்டின் மேல்பக்கத்தைத் தரைக்குக் கொஞ்சம் மேலே, காலிலிருந்து வெளியே சரிவாக இழைக்கச் சொல்லுங்கள். தட்டையாக விட்டால் குழாயைச் சுற்றித் தண்ணீர் தேங்கி அங்கேதான் முதலில் துருவேறும். ஒரு வாரம் ஆகும்வரை வலையை இழுக்க விடாதீர்கள்.

தோட்டத்துக்காரி:

கொடிக்காகத்தான் வேலியே போட்டேன். நடுக் கால்களையும் மாற்றச் சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார், ஆனால் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன், ஒத்துக்கொண்டார். மூலைக் கால்கள் நட்டாகிவிட்டன, தினமும் நனைத்துக்கொண்டிருக்கிறேன். வேலிக்காரர் சொன்னபடி அதற்கு மட்டும் ஒரு பகுதி கொடுத்து ரசீது வாங்கினேன்.

வலை இப்போது சுருட்டிக் கிடக்கிறது. நுனியைச் சுரண்டி அளந்துவிட்டேன், மூன்று இடத்திலும் 2.6 மி.மீ.தான். இரண்டாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.