பீம் சுவரா, சீலிங்கா? "திறந்த ஹாலுக்கு ஒரே நிறம்தான்" என்று தீர்ப்பு எழுதியவருக்கு

புட்டிக்கத்தி:
நேத்து ஒருத்தங்க கேட்டிருந்தாங்க: "ஹால், டைனிங், கிச்சன் மூணுக்கும் நடுவுல சுவரே கிடையாது, என்ன பெயிண்ட் அடிக்கலாம்?" அதுக்கு நம்ம வெண்சுவர் போட்ட பதில் இது: "கதவில்லாத இடத்தில் நிறம் மாறக்கூடாது. முழுவதும் ஒரே ஆஃப் வைட். குறுக்கே ஓடும் பீம் சீலிங்கைச் சேர்ந்தது, அதற்கு வெள்ளை. இது அடிப்படை." நான் பதில் எழுதுறதுக்குள்ள அந்த விவாத இழையைப் பூட்டிட்டாங்க, யாரும் பதில் போட முடியல. அதான் இங்க வந்தேன்.

எந்த அடிப்படை? பீமோட அடிப்பக்கம் தரையைப் பாத்துக்கிட்டு இருக்கு. ஜன்னல் வெளிச்சம் அதுல நேரா விழாது, தரையில பட்டுத் திரும்பி வர்ற மிச்சம்தான் கிடைக்கும். சுத்த வெள்ளை அடிச்சாலும் அழுக்குச் சாம்பலாத்தான் தெரியும். மீதி ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி செங்குத்தா நிக்குது. மூணு முகத்துல ரெண்டு முகம் சுவர். எண்ணத் தெரிஞ்சவங்க எண்ணிக்கலாம்.

வெண்சுவர்:
என் பதிலை முழுதாக எடுத்துப் போட்டதற்கு நன்றி. அதில் திருத்த ஒன்றுமில்லை. சீலிங்கும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. உங்கள் வாதப்படி அதையும் சுவர்க் கணக்கில் சேர்த்துவிடலாமே?

திறந்த இடத்தில் நின்றால் மூன்று பகுதியும் ஒரே பார்வையில் விழும். ஹாலுக்கு ஒன்று, டைனிங்குக்கு ஒன்று, கிச்சனுக்கு ஒன்று என்று அடித்தால் வீடு ஷேட் கார்டு மாதிரி இருக்கும். பீம் சீலிங்தான்.

புட்டிக்கத்தி:
சீலிங் அகலமா விரிஞ்சு கிடக்கு, நாலு பக்கமிருந்தும் வெளிச்சம் ஏறுது. பீம் ஒரு முழம் கீழ இறங்கித் தன் நிழல்லயே தான் நிக்குது. ரெண்டும் ஒண்ணா? நான் சும்மா சொல்லல. ஒரு அட்டையில ரெண்டு கோட் வெள்ளை அடிச்சு, அதைப் பாதியா வெட்டி ஒண்ணை சீலிங்ல, ஒண்ணை பீம் அடியில ஒட்டிப் பாத்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு வந்து பாத்த என் தம்பி, "எதுக்கு ரெண்டு டப்பா வாங்கின"ன்னு கேட்டான். ஒரே டப்பா!

மஞ்சள்வெயில்:
அட்டையில அடிச்சுப் பாக்கறது நல்ல யோசனை. நான் அது தெரியாம ஷேட் கார்டுல இருந்த கட்டைவிரல் அகலத் துண்டைப் பாத்து இளம்பச்சை எடுத்தேன். கார்டுல தூங்கிட்டிருந்த பச்சை, மூணு சுவர்ல ஏறினதும் கத்த ஆரம்பிச்சிடுச்சு. ஒரு சுவர்ல பட்ட வெளிச்சம் பச்சையாகி அடுத்த சுவர்ல போய் விழுது, அதுவும் பச்சை, அப்படியே பெருகுது. கார்டுல பிடிச்சதைவிட ஒரு படி மங்கலா எடுத்திருக்கணும்.

பீமுக்கு வெள்ளை அடிச்சேன். அது லேசா ரோஸ் கலர்ல தெரியுது. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

வெண்சுவர்:
பார்த்தீர்களா, பீமுக்கு வெள்ளை அடித்திருக்கிறார். வழக்கம் அதுதான்.

புட்டிக்கத்தி:
பாத்தீங்களா, வெள்ளை அடிச்சும் வெள்ளையாத் தெரியல. நான் சொன்னது அதுதான்.

இரண்டாம்கோட்:
மேடம், பச்சைக்குப் பக்கத்துல இருந்தா வெள்ளை பச்சையாத்தான் தெரியும். சுவர் வெளிச்சம் அதுமேல விழுதில்ல? ரோஸ் எப்படி வரும்? அடியில பூசற பிரைமர் சரியா மூடலயா இருக்கும்.

மஞ்சள்வெயில்:
பிரைமர் ரெண்டு தடவை அடிச்சது சார். நான் கூடவே நின்னேன்.

கண்ணாடிக்கல்:
ரெண்டு பேர் சொல்றதும் நடக்கும். சுவர் நிறம் பீம்ல விழறது வெளிச்சத்தோட வேலை. பச்சையை ஒட்டின வெளுப்பு அதுக்கு எதிர் நிறமா, அதாவது ரோஸ் பக்கம் சாஞ்சு தெரியறது கண்ணோட வேலை. எது ஜெயிக்கும்கிறது வீட்டுக்கு வீடு மாறும். பிரான்சில் கோபெலின் திரைச்சீலை ஆலையோட சாயப் பிரிவுக்குத் தலைவரா இருந்த செவ்ரல்கிட்ட கறுப்புச் சாயம் எடுப்பா இல்லைன்னு புகார் வந்துச்சு. அவர் சோதிச்சுப் பாத்தா சாயத்துல குறை இல்லை, பக்கத்துல நெய்திருந்த நிறங்கள்தான் காரணம். 1839லயே புத்தகமா எழுதி வெச்சுட்டார்.

அதனால ஒரு நிறத்தைத் தனியா வெச்சுப் பேசறதே வீண். முதல்ல "ஒரே நிறம்"னா ஒரே டப்பாவா, கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியறதான்னு சொல்லிக்கிட்டு ஆரம்பிச்சா நல்லாருக்கும்.

புட்டிக்கத்தி:
அதெல்லாம் அப்புறம் பேசலாம். பீம் சுவரா சீலிங்கா, ஒரு வார்த்தையில சொல்லுங்க.

சொல்லாய்வன்:
இங்கே யாரும் "வர்ணம்" என்று எழுதாதது மனதுக்கு நிறைவு. பூட்டப்பட்ட இழையில் "வர்ணம் பூசுதல்" என்று ஏழு முறை எண்ணினேன். வண்ணம் என்று எழுத என்ன தடை?

இரண்டாம்கோட்:
ஐயா, நாங்க பெயிண்ட்னுதான் சொல்றோம்.

வெண்சுவர்:
சொல்லாய்வன் அவர்களே, தொல்காப்பியம் சொல்லும் 20 வண்ணங்களும் பாட்டின் ஓசையைப் பற்றியவை, டப்பாவில் வருவன அல்ல. உங்கள் நிறைவை வேறு இழைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

சொல்லாய்வன்:
நிறத்தைக் குறிக்கும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பீமுக்கு "உத்திரம்" என்று சொல்லிப் பழகிவிட்டு எனக்குப் பாடம் எடுக்கலாம்.

புட்டிக்கத்தி:
வெண்சுவர் பேச்சை மாத்தறார். நான் மாத்த மாட்டேன்.

அவரோட "ஒரே ஆஃப் வைட்" ராத்திரி என்ன ஆகுதுன்னு பாருங்க. ஹால்ல 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு, கிச்சன்ல வேலை செய்யத் தெளிவா இருக்கணும்னு 6500 கெல்வின் வெள்ளை விளக்கு. நிறைய வீட்ல இப்படித்தான். சுவிட்சைப் போட்ட நிமிஷமே ஹால் பக்கம் வெண்ணெய், கிச்சன் பக்கம் சலவை நீலம். நடுவுல பீம், ஒரு பக்கம் வெண்ணெய், மறுபக்கம் நீலம். ஒரே டப்பா வாங்கி ரெண்டு நிறம் பாக்கறதுக்கு, ரெண்டு டப்பாவா வாங்கி நாமளே முடிவு பண்ணிடலாமே. சுவர்களை ரெண்டு நிறமாப் பிரிக்க வசதியா ஒரு கோடு வேணும். அந்தக் கோடுதான் பீம். அப்ப பீம் யாரோட ஆளு? சுவரோட ஆளு.

வெண்சுவர்:
விளக்கு தவறென்றால் விளக்கை மாற்ற வேண்டும். ஒரே கூரைக்குக் கீழே விளக்குகளும் ஒரே கெல்வினில் இருக்க வேண்டும். நான் சொல்லும் ஆஃப் வைட்டின் எல்ஆர்வி, அதாவது வெளிச்சத்தைத் திருப்பும் அளவு, 80-க்கு மேல். 0 என்றால் வெளிச்சம் முழுவதையும் விழுங்கும், 100 என்றால் முழுவதையும் திருப்பும். டப்பா விவரத்தில் அந்த எண் கிடைக்கும், அட்டையை வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

புட்டிக்கத்தி:
கையில காசே வராதவன்கிட்ட "எவ்வளவு தர்மம் பண்ணுவே"ன்னு கேட்ட மாதிரி இருக்கு. பீம் அடிக்கு வந்து சேர்ற வெளிச்சமே கொஞ்சம், அதுல 80 என்ன, 90 என்ன?

விளக்கை மாத்தணுமாம். இதே ஆள்தான் டைல்ஸ் இழையில "கிச்சனுக்கு வெள்ளை விளக்குதான்"னு சாமியாடினார். தேடிப் பாருங்க, இருக்கும்.

வெண்சுவர்:
டைல்ஸ் இழையில் நான் சொன்னது 4000 கெல்வின். 6500 அல்ல. அந்த இழையில், டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் சாம்பல் நிற கிரவுட் அழுக்கைக் காட்டாது என்று நீங்கள் சொன்னதையும் தேடிப் பார்க்கலாம்.

புட்டிக்கத்தி:
காட்டாதுதான். இப்பவும் சொல்றேன்.

மஞ்சள்வெயில்:
என் கிச்சன்ல சாம்பல் கிரவுட்தான். காட்டுது.

இரண்டாம்கோட்:
வேலை செய்யறவன் சொல்றேன், கேளுங்க. பீமுக்கு ஒரே விதின்னு எதுவும் கிடையாது. சீலிங் தாழ்வா இருந்தா பீமையும் சீலிங் நிறத்துலயே விட்டுடுவோம், கண்ணு அதைத் தேடாது. உயரம் தாராளமா இருந்தா சுவர் நிறத்தை பீம் மேல ஏத்தலாம்.

அதைவிட முக்கியம், நிறம் எங்க முடியுதுங்கறது. உள்மூலையில முடிச்சா கோடு ஒளிஞ்சுக்கும். வெளிமூலை, அதாவது கை இடிக்கிற கூர்ல முடிச்சா, எவ்வளவு நிதானமா இழுத்தாலும் ஒரு பக்கம் பாக்கும்போது அடுத்த நிறம் நூல் மாதிரி எட்டிப் பாக்கும். அந்த மாதிரி இடத்துல மாஸ்கிங் டேப் ஒட்டி, முதல்ல ஏற்கெனவே இருக்கிற நிறத்தையே டேப் ஓரத்துல ஒரு இழுப்பு இழுக்கணும். உள்ள கசியறது அந்த நிறமாவே கசிஞ்சு அடைச்சுக்கும். அது காஞ்சப்புறம் புது நிறம். டேப்பை உரிச்சா கோடு கத்தியில வெட்டின மாதிரி நிக்கும். இதை அவசரத்துல விடறவங்கதான் அதிகம், அப்புறம் பீமைக் குறை சொல்றது.

புட்டிக்கத்தி:
"சுவர் நிறத்தை பீம் மேல ஏத்தலாம்." தொழில் தெரிஞ்சவர் வாயாலயே வந்துடுச்சு. நன்றி அண்ணா.

வெண்சுவர்:
"சீலிங் நிறத்துலயே விட்டுடுவோம்." அதற்கு முந்தின வரி. கண்ணில் படவில்லையா?

இரண்டாம்கோட்:
நான் ரெண்டையும் சொன்னேன் சார்.

புட்டிக்கத்தி:
பீமுக்கு நாலு மூலை. மேல ரெண்டு, சீலிங்கைத் தொடற இடம், உள்மூலை. கீழ ரெண்டும் வெளிமூலை. அண்ணா சொன்ன உள்மூலை விதிப்படி சுவர் நிறம் பீம் மேல ஏறி சீலிங்கைத் தொடற இடத்துலதான் நிக்கணும். அப்ப முழு பீமும் சுவர். முடிஞ்சுது.

வெண்சுவர்:
பீமின் இரு முனைகள் சுவரில் போய் முட்டும் இடமும் உள்மூலைதான். அங்கே நிறுத்தினால் முழு பீமும் சீலிங். முடிந்தது.

கண்ணாடிக்கல்:
நான் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. பதில் இல்லாமலே ரெண்டு தடவை முடிஞ்சிடுச்சு.

ஐந்தாம்மாடி:
பெரிய ஆட்கள் என்ன சொல்றாங்கன்னு பாப்போமே. லெ கார்புசியே 1931ல ஒரு சுவர்த்தாள் கம்பெனிக்காக 43 நிறங்களைத் தொகுத்தார். 1959ல இன்னும் 20 சேத்தார். அவ்வளவு பெரிய கட்டடக் கலைஞரே ஒரு வெள்ளையோட நிக்கல.

வெண்சுவர்:
63 நிறத்தையும் ஒரே ஹாலில் அடிக்கச் சொன்னாரா?

ஐந்தாம்மாடி:
அப்படி நான் சொன்னேனா? படிச்சுட்டுப் பேசுங்க. உங்ககிட்ட இதுதான் எப்பவும் பிரச்சினை, போன வருஷம் கதவு இழையிலயும் இப்படித்தான்.

புட்டிக்கத்தி:
கார்புசியே பீம் பத்தி எதாவது சொல்லியிருக்காரா? இல்லேன்னா விடுங்க.

மூன்றுஜன்னல்:
வணக்கம். பூட்டின இழையில கேள்வி கேட்டது நான்தான். நாளைக்குக் காலையில பெயிண்டர் வர்றார். அடுப்புப் பக்கத்துச் சுவருக்கு மினுங்காத மேட் அடிக்கலாமா, துடைக்கிற மாதிரி லேசா மினுங்கற சாட்டின் எடுக்கணுமா? அப்புறம் ஒரே ஷேட் நாலு டப்பா வாங்கியிருக்கேன், ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் மாறுமா?

வெண்சுவர்:
பீமுக்கு என்ன முடிவு செய்தீர்கள்?

புட்டிக்கத்தி:
ஆமா, அதை முதல்ல சொல்லுங்க.

இரண்டாம்கோட்:
அடுப்புப் பக்கம் சாட்டின் எடுங்க, துடைக்கலாம். மத்ததுக்கு மேட் போதும். மேட்ல பின்னாடி டச்சப் பண்ணினாத் தெரியாது, சாட்டின்ல திட்டா மினுங்கும். நாலு டப்பாவையும் பெரிய வாளியில ஒண்ணா ஊத்திக் கலக்கிட்டு ஆரம்பிங்க. இல்லேன்னா பாதிச் சுவர்ல டப்பா மாறின இடம் தெரியும்.

வெண்சுவர்:
ஒரே திறந்த இடத்தில் மேட், சாட்டின் இரண்டும் கலந்தால் ஒரே ஷேட்கூட இரண்டாகத் தெரியும். மினுமினுப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இரண்டாம்கோட்:
அப்ப எண்ணெய்க் கறையைத் துடைக்க நீங்க வருவீங்களா?

மஞ்சள்வெயில்:
அண்ணன் கேட்டார் பாருங்க!

மூன்றுஜன்னல்:
நன்றி. பீம் இன்னும் முடிவு பண்ணல.

புட்டிக்கத்தி:
பண்ணாதீங்க, நான் படம் போடறேன். என் வீட்டு பீம், ஒரே இடத்துல நின்னு எடுத்தது. படம் 1 காலை, 2 மத்தியானம், 3 சாயங்காலம், 4 ராத்திரி விளக்குல. அடி மட்டும் எப்படி இருட்டிக்கிட்டுப் போகுதுன்னு வரிசையாப் பாருங்க. சீலிங்னு சொல்றவங்க இதுக்குப் பதில் சொல்லட்டும்.

கண்ணாடிக்கல்:
போன் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தானாவே வெளிச்சத்தையும் வெள்ளையையும் சரிக்கட்டும். ஒரே செட்டிங்ல பூட்டி எடுக்காத வரைக்கும் நாலையும் வரிசையா வெச்சு ஒப்பிட முடியாது.

புட்டிக்கத்தி:
கண்ணால பாத்ததைச் சொல்றேன், கேமராவைப் பத்தி யார் கேட்டா?

சொல்லாய்வன்:
படத்தின் கீழே "வர்ண மாற்றம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

வெண்சுவர்:
படம் 4-ல் ஸ்விட்ச் போர்டு கோணலாக இருக்கிறது. நேராக ஒரு போர்டு வைக்கத் தெரியாத வீட்டில் பீம் ஆராய்ச்சி.

புட்டிக்கத்தி:
போர்டு நேராத்தான் இருக்கு. போனைச் சாய்ச்சுப் பிடிச்சிருந்தேன்.

வெண்சுவர்:
பக்கத்தில் இருக்கும் கதவு நேராக இருக்கிறதே?