லேப்ரடார் ஒண்ணு, நாட்டுப் பூனை ஒண்ணு – எந்த இன்சூரன்ஸ் எடுக்கலாம்?

மடிப்பாக்கம்காரன்:
வணக்கம் மக்களே. வீட்ல ஒரு லேப்ரடார் இருக்கான், மூணு வயசு, 34 கிலோ, பேரு பிஸ்கட். அப்புறம் ரெண்டு வருஷம் முன்னாடி மழையில பக்கத்து வீட்டு கார் பானட்டுக்குள்ள கத்திட்டு இருந்தத எடுத்து வளர்க்குற கடுவன் பூனை ஒண்ணு, பேரு கருவாடு. போன மாசம் பிஸ்கட்டுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து பிளேட்லெட் இறங்கி, தினமும் காலைல தூக்கிட்டுப் போய் அஞ்சு நாள் ட்ரிப்ஸ், ரெண்டு தடவ பிளட் டெஸ்ட், 28 நாள் மாத்திரைன்னு மொத்தம் 14,350 ரூபா ஆச்சு. வீட்டம்மா பில்லு எல்லாத்தையும் ஃபிரிட்ஜ் மேல வரிசையா மேக்னட் போட்டு ஒட்டி வச்சுட்டாங்க, நான் தண்ணி எடுக்கப் போறப்பல்லாம் பாக்கணுமாம்.

சரின்னு ரெண்டு நாளா உக்காந்து எக்செல்ல போட்டு பாத்தேன். கடைசில ரெண்டு பிளான் மிச்சம். ஒண்ணு வருஷத்துக்கு 3,900, ஆஸ்பத்திரி செலவு ஆபரேஷன் ரெண்டுக்கும் சேத்து 50 ஆயிரம், கோ-பே (கிளைம்ல நாம போடுற பங்கு) கிடையாது. இன்னொண்ணு 7,400, அதே 50 ஆயிரம், கூட ஓபிடி (அட்மிட் ஆகாம பாக்குற வைத்தியம்) 10 ஆயிரம், நாய் யாரையாவது கடிச்சா அதுக்கு 5 லட்சம், ஆனா ஒவ்வொரு கிளைம்லயும் 20% நாம போடணும். எனக்கு முதல் பிளான்தான் பெட்டரா தெரியுது, பாதி காசு, கோ-பேயும் இல்ல. யாராவது நிஜமா கிளைம் வாங்கியிருக்கீங்களா? பூனைக்கு பாத்தா சாய்ஸே இல்ல, பாதி கம்பெனி நாய் மட்டும்தான்னு சொல்றாங்க.

கோவை வாலு:
நான் வாங்கியிருக்கேனுங்க. எங்க வீட்டு நாய் (கலப்பினம்தான், பெருசா ஜாதியெல்லாம் இல்ல) போன வருஷம் மே மாசம் மாங்கொட்டைய முழுசா முழுங்கிருச்சு. ரெண்டு நாள் வாந்தி, சாப்புடல, ஸ்கேன் எடுத்துப் பாத்தா குடல்ல சிக்கி நிக்குது, அன்னைக்கு ராத்திரியே ஆபரேஷன். பில்லு 31,600. அதுல டப்பா சாப்பாடு, கழுத்துல போடுற அந்த கூம்பு, சத்து மருந்து இதெல்லாம் சேராதுன்னு 4,100 கழிச்சாங்க. மிச்சம் 27,500, அதுல 20% கோ-பே போக 22,000 அக்கவுண்ட்ல வந்துச்சு. 46 நாள் ஆச்சுங்க.

ஆனா அந்த 46 நாள்ல நான் பட்டபாடு இருக்கே. டாக்டர் சீட்டுல நாய் பேரு இல்ல, ஓனர் பேரு மட்டும் இருக்குன்னு திருப்பி அனுப்புனாங்க. மறுபடி எழுதி வாங்கி அனுப்புனா டாக்டரோட ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் இல்லையாம். அப்புறம் தடுப்பூசி புக்ல ஒரு வருஷத்து ஸ்டிக்கர் உரிஞ்சு போயிருந்துச்சு, அதுக்கு ஒரு லெட்டர். அதனால நீங்க பாலிசி எடுத்தாலும் எடுக்காட்டியும் இன்னைக்கே தடுப்பூசி புக்க பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வச்சுருங்க. பில்லுல "ஒன் டாக்" அப்டின்னு போட்டா விட்றாதீங்க, பேரு போடச் சொல்லுங்க.

ரிட்டயர்டு ஏ.ஓ.:
அரசு ஜெனரல் இன்சூரன்ஸ்ல 31 வருஷம் குப்பை கொட்டினவன், ரெண்டு வார்த்தை சொல்றேன் தம்பி. எங்க காலத்துல நாய் பாலிசின்னா மாட்டு பாலிசிக்கு தம்பி மாதிரி. நாய் செத்தா காசு, அதுவும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டோட. வைத்தியச் செலவுக்குன்னு பரவலா வந்ததெல்லாம் சமீபத்துலதான், பஜாஜ் இன்சூரன்ஸ்காரங்க நாய்க்கு கொண்டு வந்ததே 2020-ல, பூனை அதுக்கும் அப்புறம். அதனால பேரு ஒண்ணா இருந்தாலும் ஒரு பாலிசிக்கும் இன்னொண்ணுக்கும் உள்ள சரக்கு வேற.

நீங்க எக்செல்ல போட்டிருக்கற கட்டம் எல்லாம் விளம்பரத்துல வர்ற கட்டம். பாலிசி வேர்டிங்ஸ்னு ஒரு பிடிஎஃப் இருக்கும், அத இறக்கி பின்னாடியிலிருந்து படிங்க. எதெல்லாம் தரமாட்டோம்ங்கற பக்கம் கடைசிலதான் இருக்கும். அதுல பார்வோ, டிஸ்டெம்பர், லெப்டோ, ரேபிஸ் மாதிரி நோய்க்கெல்லாம் தடுப்பூசி போட்டிருந்தாதான், போடாம விட்டு வந்தா ஒரு பைசா கிடையாதுன்னு அநேகமா எல்லாரும் எழுதியிருப்பாங்க. பாலிசி எடுத்து எத்தன நாள் கழிச்சு நோய்க்கு கிளைம் பண்ணலாம்னு ஒரு காத்திருப்பு காலம் இருக்கும். அப்புறம் 50 ஆயிரம்னு தலைப்புல போட்டுட்டு உள்ள ஒரு ஆபரேஷனுக்கு இவ்ளோதான், ஒரு நாள் ரூமுக்கு இவ்ளோதான்னு குட்டி குட்டியா வேலி கட்டியிருப்பாங்க. அந்த வேலிதான் உங்க நிஜமான சம் இன்சூர்டு (அதிகபட்சமா கிடைக்கற தொகை).

முக்கியமா ஒண்ணு. போன மாசம் வந்த உண்ணிக் காய்ச்சல மறைக்காம ப்ரபோசல் ஃபார்ம்ல (பாலிசி கேட்டு குடுக்கற விண்ணப்பம்) எழுதுங்க. எழுதினா அத மட்டும் ஒதுக்கி வைப்பாங்க, இல்ல கொஞ்ச நாள் தள்ளி வைப்பாங்க. எழுதாம விட்டு அப்புறம் டாக்டர் கார்டுல தெரிஞ்சா மாங்கொட்டை மாதிரி சம்பந்தமே இல்லாத கிளைமும் சேந்து போயிரும். ஏஜென்ட் "அதெல்லாம் வேணாம் சார்"ம்பான். அவன் சொல்றத கேக்காதீங்க, கையெழுத்து உங்களோடது.

வயசும் பாருங்க. லேப்ரடார் மாதிரி இருந்தா பல இடத்துல 7 வயசு வரைக்கும் புதுசா சேத்துக்குவாங்க, கிரேட் டேன் மாதிரி ராட்சச ஜாதின்னா 4 வயசோட கதவ சாத்திருவாங்க. உங்களுக்கு டைம் இருக்கு, ஆனா புதுப்பிக்கறத ஒரு வருஷம் விட்டீங்கன்னா மறுபடி புது ஆளுதான்.

வேப்பேரி கம்பவுண்டர்:
ஏ.ஓ. சார் சொன்னதுல ஒண்ணு சேத்துக்கிறேன், ஏன்னா இது தினமும் என் கண்ணு முன்னாடி நடக்குது. மடிப்பாக்கம் ப்ரோ, உங்க முதல் பிளான்ல "ஹாஸ்பிட்டலைசேஷன்"னா என்னன்னு எழுதியிருக்காங்கன்னு தேடிப் பாருங்க. நம்ம ஊர்ல நாயை ராத்திரி தங்க வச்சு பாக்குற கிளினிக் எத்தன இருக்கு? உண்ணிக் காய்ச்சலோ பார்வோவோ, காலைல கொண்டு வருவீங்க, டேபிள் மேல படுக்க வச்சு மூணு மணி நேரம் ட்ரிப்ஸ் ஏத்துவோம், நீங்க பாட்டில கையில தூக்கிப் பிடிச்சுட்டு நிப்பீங்க, அப்புறம் ஆட்டோல வீட்டுக்கு. அஞ்சு நாளும் இதே கதை. உங்களுக்கு அது ஆஸ்பத்திரி, பாலிசில 24 மணி நேரம் அட்மிட் ஆகணும்னு போட்டிருந்தா அவங்களுக்கு அது ஓபிடி. போன வாரம்கூட ஒருத்தர் வந்து "அட்மிட்னு எழுதிக் குடுங்க"ன்னு கெஞ்சுறாரு, டாக்டர் எப்படி பொய் எழுதுவாரு, எங்ககிட்ட படுக்கையே கிடையாது.

பூனைய பத்தி. கடுவன் பூனைன்னா ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க, மூத்திர அடைப்பு. மணல் தட்டுல போய் போய் உக்காரும், முக்கும், ஒரு சொட்டு வராது, மலச்சிக்கல்னு நெனச்சு எண்ணெய் குடுத்துட்டு மறுநாள் கொண்டு வருவாங்க. அது ஒரு நாள்கூட தாங்காம போகலாம், உடனே கதீட்டர் (மூத்திரம் வெளிய வர விடுற டியூப்) போடணும். அதுவும் ஒருக்கா வந்தா திரும்ப வரும், திரும்ப வர்றத ஏற்கனவே இருந்த நோய்னு ரினியூவல்ல தள்ளிடுவாங்களான்னு எடுக்குறதுக்கு முன்னாடியே கேளுங்க.

அப்புறம் காசு கஷ்டம்னா வேப்பேரி வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, 1903-ல ஆரம்பிச்ச காலேஜ், ஸ்பெஷல் டாக்டருங்க அங்கதான் இருக்காங்க, பிரைவேட்ல ஆகுறதுல கொஞ்சம்தான் ஆகும். காலைல சீக்கிரம் போய் டோக்கன் போடணும், பாதி நாள் போயிரும், அதுதான் விலை. நாய்க்கு சிப்பு (தோலுக்கடில வைக்கிற அடையாள மைக்ரோசிப்) போட்டாச்சா? கார்ப்பரேஷன் லைசென்ஸுக்கே இப்ப சிப் வேணும், அந்த நம்பரையே பாலிசிலயும் போடுங்க, "இது அந்த நாய்தானா"ங்கற கேள்வி வராது.

ஆர்.டி. ஆசாமி:
இதுக்கு பதில் மாசம் ஆயிரம் ரூபா பேங்க்ல ஆர்.டி. போடுங்க. வருஷத்துக்கு 12 ஆயிரம், வட்டியும் வரும், மாங்கொட்டைக்கும் குடுக்கும் மூத்திரத்துக்கும் குடுக்கும், எவன்கிட்டயும் நாய் பேரு எழுதி வாங்க வேணாம். ஒண்ணும் ஆகலைன்னா காசு நம்மளோடது.

கோவை வாலு:
எனக்கு மாங்கொட்டை வந்தது பாலிசி எடுத்து நாலாவது மாசம்ங்க. உங்க ஆர்.டி.ல நாலாயிரம் இருந்திருக்கும் :)

ரிட்டயர்டு ஏ.ஓ.:
ஆர்.டி. தம்பி சொல்றது பூனைக்கு சரி. ரோட்ல எடுத்த பூனைக்கு மரணத்துக்குன்னு கவர் எடுத்தா விலை என்னன்னு கேப்பாங்க, வாங்கின ரசீது எங்கம்பாங்க. ஆனா 34 கிலோ நாய் டெலிவரி பையன கடிச்சா ஆர்.டி. உடைச்சு கட்டுப்படியாகாது. அஜாக்கிரதையா விட்டா பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 291-ம் பிரிவுல 6 மாசம் வரை ஜெயிலோ 5,000 வரை அபராதமோ போடலாம், அத எந்த பாலிசியும் ஏத்துக்காது. கடிபட்டவருக்கு நீங்க குடுக்க வேண்டிய நஷ்டஈடு மட்டும்தான் அந்த 5 லட்சத்துல வரும்.

குரொய்டன் குமரன்:
லண்டன்ல இருந்து ஒரு விசயம். இங்க எங்கட நாய்க்கு தோல் அலர்ஜி. முதல்ல மலிவா எடுத்த பாலிசி ஒரு வருத்தத்துக்கு (நோய்க்கு) 12 மாசம் மட்டும்தான் குடுக்கும், அதுக்குப் பிறகு அதே வருத்தத்துக்கு ஒரு சதமும் இல்ல. அலர்ஜி எண்டா ஆயுசுக்கும் ஊசி. வேற கொம்பனிக்கு மாறவும் ஏலாது, ஏற்கனவே இருந்த வருத்தம் எண்டுவினம். லைஃப்டைம் எண்டு விக்கிறது வருசா வருசம் லிமிட் புதுசாகும், ஆனா விலை கூட, நாய்க்கு வயசு போகப் போக இன்னும் கூடும். அங்க நீங்க எடுக்கிறதிலயும் திரும்பத் திரும்ப வாற நோய்க்கு அடுத்த வருசம் என்ன எண்டு கட்டாயம் கேளுங்கோ.

மடிப்பாக்கம்காரன்:
எல்லாருக்கும் நன்றி. கம்பவுண்டர் அண்ணா சொன்னத தேடுனேன், முதல் பிளான் பிடிஎஃப் 11-ம் பக்கத்துல "தொடர்ந்து 24 மணி நேரம் உள்நோயாளியாக"ன்னு இருக்கு. அதாவது என் 14,350-ல எனக்கு வந்திருக்கக் கூடியது பூஜ்யம். ரெண்டாவது பிளான்ல 20% போக 11,480, ஓபிடி லிமிட் 10 ஆயிரம்ங்கறதால 10 ஆயிரம் வந்திருக்கும். 3,500 ரூபா மிச்சம் பண்ணப் போனேன்.

பிஸ்கட்டுக்கு ரெண்டாவது, கருவாட்டுக்கு மாசம் 500 ஆர்.டி. உண்ணிக் காய்ச்சல எழுதியே ஃபார்ம் போடப்போறேன். அடுத்த உண்ணிக் காய்ச்சல் பழசா புதுசான்னு கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன், "எங்கள் பிரதிநிதி உங்களை அழைப்பார்"னு பதில் வந்திருக்கு.

ரிட்டயர்டு ஏ.ஓ.:
அழைச்சா எடுங்க, ஆனா பேசினத மெயில்ல எழுதி அனுப்பச் சொல்லுங்க. போன்ல சொன்னது நாளைக்கு ஓம்புட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகார விசாரிக்கறவர்) முன்னாடி நிக்காது. அந்த ஆபீஸ் சென்னையிலயே இருக்கு, ஃபீஸும் இல்ல வக்கீலும் வேணாம், கம்பெனி கை விரிச்ச ஒரு வருஷத்துக்குள்ள போகணும். எழுத்துல பதில் வர்ற வரைக்கும் பிரீமியம் கட்டாதீங்க.