ஏரிக்கரை விடுதியில் தங்கியபோது மறக்க முடியாத ஒரு கணம்: உங்கள் அனுபவம் என்ன?

அல்லிக்கொடி

இரண்டு வருடமாக மனதில் கிடப்பதை இங்கே இறக்கிவைக்கிறேன். செலவு கட்டுப்படியாகும் இடம், வரிசையாகக் குடில்கள், பொதுக் குளியலறை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பகல் முழுக்கக் கடும் வெயில். நள்ளிரவு தாண்டி விழிப்பு வந்தது. ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. என் சன்னலுக்கு வெளியிலேயே, கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில். நடுநடுவே "அம்மா, அம்மா" என்ற சொல் தெளிவாகக் கேட்டது. கதவைத் திறந்தேன். யாருமில்லை. படித்துறையில் கட்டியிருந்த படகு மட்டும் இருட்டில் லேசாக ஆடியது. அழுகையோ தண்ணீரின் மேலிருந்து வந்தது. நான்கு படி இறங்கி, "யாரது?" என்று குரல் கொடுத்தேன். அழுகை சட்டென்று நின்றது. சிறிது நேரத்தில் மறுபடியும் தொடங்கியது. நான் ஓடி வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

காலையில் காவலாளியிடம் கேட்டேன். அக்கரையில் ஒரு குடும்பம் தங்கியிருந்ததாகவும், விடிவதற்குள் கிளம்பிவிட்டதாகவும் சொன்னார். வேறு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அந்த நான்கு படியில் நான் ஏன் நின்றேன் என்பதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

துடுப்பு

அல்லிக்கொடி, நீங்கள் பயந்தது போல அது அமானுஷ்யம் எதுவும் இல்லை. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகச் செல்லும். 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் என்றால், 0 டிகிரியில் 331 மீட்டர்தான். வெயில் நாளின் இரவில் ஏரி நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சூடாகவும் இருந்தால், மேலே போக வேண்டிய ஒலி கீழ்நோக்கி வளையும். அசையாத நீர்ப்பரப்பு அதை விழுங்காமல் அப்படியே கடத்திவிடும். அக்கரைப் பேச்சு பக்கத்தில் கேட்பது அதனால்தான்.

என் கதை வேறு. மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததை நம்பிப் படகுத்துறையிலிருந்து தலைகீழாகக் குதித்தேன். இரண்டு ஆள் ஆழத்தில் பனிக்கட்டி போல ஒரு அடுக்கு. வெயிலில் சூடான தண்ணீர் கனம் குறைந்து மேலேயே மிதக்கும், குளிர்ந்தது அடியில் தங்கிவிடும். படித்தவன்தான் நான், அந்த நேரத்தில் எதுவும் நினைவில் இல்லை. என்னை அறியாமல் மூச்சை இழுத்ததில் தண்ணீர் உள்ளே போய்விட்டது. மேலே வந்து துறையின் தூணைப் பிடித்தால், பாசி வழுக்கியது. அங்கே ஒரு மிதவை வளையம்கூட இல்லை. அறைகளைச் சுத்தம் செய்கிற அம்மா ஓடிவந்து துடைப்பத்தின் கழியை நீட்டினார். அந்தக் கழியின் நுனியில் ஈரத்துணி சுற்றியிருந்தது, அதைத்தான் பிடித்தேன். மறுநாள் புறப்படும்போது அவருக்கு விடுமுறை. பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

கணக்குப்பிள்ளை

"ஏரி தெரியும் அறை" என்று எடுத்தேன். கட்டில் மேல் ஏறி நின்றால், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஏரி தெரிந்தது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஏரிக்கரை என்பதும் ஏரி தெரியும் என்பதும் ஒன்றல்ல, அறையிலிருந்து தண்ணீர்வரை எத்தனை அடி என்று நேரடியாகக் கேளுங்கள். பல ஏரிகள் உண்மையில் அணைக்கட்டு நீர்த்தேக்கங்கள். கோடையில் நீர் வற்றி, விடுதிக்கும் தண்ணீருக்கும் நடுவே வெடித்த சேற்று வெளிதான் கிடக்கும். நீங்கள் போகிற அதே மாதத்தில் தங்கியவர்கள் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். தரைத்தளம் வேண்டாம், ஈரம் ஏறும். அலமாரியைத் திறந்து முகர்ந்தாலே தெரிந்துவிடும். பையைக் கட்டிலில் வைக்கும் முன் மெத்தையின் தையல் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், மைப்புள்ளி போல் கறுப்பாக இருந்தால் மூட்டைப்பூச்சி. கொசுவலையில் கிழிசல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மிதவை வளையமும் உயிர்காப்புச் சட்டையும் இல்லாத இடத்தில் தண்ணீரில் இறங்காதீர்கள், துடுப்பு அதைப் பார்க்காமல் குதித்தது தவறு. அல்லிக்கொடியும் அப்போதே காவலாளியை எழுப்பியிருக்க வேண்டும்.

நீலாம்பல்

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் ஆலோசனையில் பாதி பயனுள்ளது, மறுக்கவில்லை. ஆனால் இருட்டில் தனியாக நின்ற பெண்ணிடம் "எழுப்பியிருக்க வேண்டும்" என்பது எளிது. அந்த நேரத்தில் எனக்கும் கால் நகர்ந்திருக்காது. தெரியாத ஏரியில் இருட்டில் இறங்காமல் நின்றதே சரி.

இன்னொன்று, துடுப்பு அந்தக் குளிரைச் சொல்கிறார். தண்ணீரின் நிறத்தை யாரும் சொல்லவில்லை. என் மகனுக்கு அப்போது ஐந்து வயது. ஏரியில் கையை விட்டு எடுத்தான், முழங்கைவரை பச்சைப் பெயின்ட் வழிந்தது. "வெறும் பாசிதான், தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் தருகிறோம்" என்றார் விடுதிக்காரர். சயனோபாக்டீரியா என்கிற நீலப்பச்சைப் பாசி பெருகினால் நிறம் அப்படித்தான் இருக்கும். அதில் சில வகைகள் நஞ்சை உண்டாக்கும், கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இதை ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். குழாயில் வந்தது அதே ஏரித் தண்ணீர், அதில்தான் இரண்டு நாள் வாய் கொப்பளித்திருந்தோம். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தச் சின்னக் கை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வழிப்போக்கன்

நான் சொல்ல வருவது சிறியது. இரவு திண்ணை விளக்கைச் சுற்றிப் பூச்சிகள். ஒரு மணி நேரம் துண்டால் அடித்து அடித்துக் கொன்றேன். பக்கத்துக் குடிலிலிருந்து ஒரு முதியவர் வந்து, "இவை கடிக்காது. இவ்வளவு நாளும் ஏரிச் சேற்றில் புழுவாகக் கிடந்தவை, சிறகு முளைத்துச் சில நாள்தான் உயிரோடு இருக்கும். விளக்கை அணைத்தாலே போய்விடும், தம்பி" என்றார். அணைத்தேன். போய்விட்டன. ஏரி முழுக்க நட்சத்திரம். காலையில் விளக்கின் கீழே உமி கொட்டியது போல ஒரு படலம் கிடந்தது. நானே கூட்டி அள்ளினேன், இரண்டு கை நிறைய.

அல்லிக்கொடி

நீலாம்பல் அக்கா, நன்றி. கணக்குப்பிள்ளை ஐயா, நீங்கள் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை.

துடுப்பு அண்ணா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். அந்தக் குரல் இங்கே வந்த அதே வழியில் என் குரலும் அங்கே போயிருக்கும், இல்லையா? நான் "யாரது?" என்றதும் அழுகை நின்றது. அந்தக் குழந்தை காதுகொடுத்துக் கேட்டிருக்கிறது. அங்கேயே நின்று இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.