ஈர மணலில் மெட்டல் டிடெக்டர் ஓயாமல் கத்துகிறது

கேள்வி: காரெட் ஏடி ப்ரோ, 15 கிலோஹெர்ட்ஸ். உலர்மணலில் அமைதி, அலை தொடும் மணலில் விடாத சத்தம். காயிலில் (மணல்மேல் வீசும் வட்டத் தேடுதட்டில்) பழுதா?

பதில் 1: பழுதில்லை. உப்புநீர் மின்சாரம் கடத்தும். ஒற்றை அதிர்வெண் கருவிக்கு அதுவே உலோகம்போலத் தெரியும். ஈர மணல்மேலேயே காயிலை ஏற்றி இறக்கி கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சிக்னலைக் கருவி ஒதுக்கிவிடும்படி சரிசெய்வது) செய்யுங்கள். பிறகு சத்தம் அடங்கும்வரை சென்சிடிவிட்டியைக் (உணர்திறனை) குறையுங்கள். தேடும் ஆழம் கொஞ்சம் குறையும், வேறு வழியில்லை. கேபிள் தளர்ந்து ஆடினாலும் பொய்ச் சத்தம் வரும். தண்டில் இறுகச் சுற்றுங்கள்.

பதில் 2: கடலில் மட்டும்தான் என்றால் பல்ஸ் இண்டக்‌ஷன் (விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பித் தேடும் வகை) வாங்குங்கள். உப்பு அதை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் இரும்பைச் சரியாகப் பிரித்துக் காட்டாது, ஆணியெல்லாம் தோண்டவேண்டும். மைன்லேப் எக்ஸ்காலிபர் மாதிரி பல அதிர்வெண் கருவி என்றால் இரண்டுக்கும் நடுவழி.

பதில் 3: ஏடி ப்ரோ 3 மீட்டர் நீராழம் வரைதான், ஸ்கூபாவுக்கு ஆகாது. பேட்டரி மூடி ஓ-ரிங்கில் (நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தில்) ஒரு மணல் துகள் போதும், நீர் கசியும். துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள்.