ரோசாவுக்குக் கன்டரின் சாமான்: இதற்கு ஒரு சொல் வேண்டும்

வணக்கம்.

கேள்வியை முதலிலேயே வைத்துவிடுகிறேன். ஒரு வாகனத்துக்கென்று செய்த பாகம் இன்னொரு வாகனத்தில் அப்படியே போய் உட்காருகிறது. அந்தப் பாகத்துக்குத் தமிழில் என்ன பெயர்? 'உதிரிப்பாகம்' என்பது கடையில் கிடக்கும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். எனக்கு வேண்டியது இந்த ஒரு குணத்தைச் சொல்லும் பெயர்.

இந்தக் கேள்வியை என் தலையில் ஏற்றியவர் அத்தான். கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் நெடுங்காலம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய ஒரு மிட்சுபிஷி ரோசா பஸ்ஸை வாங்கிவிட்டார். இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கையும் சிறிய சமையல் மேடையும் வைத்து, குடும்பத்தோடு திருகோணமலைவரை போய்வர வேண்டுமாம். ஜன்னல் சட்டங்களில் பிள்ளைகள் கவராயத்தின் முனையால் கீறிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றின்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார்.

அத்தான் பார்த்து வாங்கியது தரைத் தகட்டையும் கூரையையும். நான் பார்த்தது எஞ்சினை. 4டி33, 4.2 லீற்றர். கண்டதும் பாதிக் கவலை போய்விட்டது. அதே எஞ்சின் கன்டர் லொறியிலும் உண்டு. கன்டர் ஓடாத தெரு இந்த நாட்டில் குறைவு. மாற்றியமைக்கப் பழைய பஸ் வாங்க நினைப்பவர்கள் பஸ்ஸின் அழகைப் பிறகு பார்க்கலாம், எஞ்சினின் உறவுக்காரர்கள் யார் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். டொயோட்டா கோஸ்டரில் இருப்பது 1எச்இசட் என்றால் லாண்ட் குரூசர் அதன் உறவு. நிசான் சிவிலியனில் டிடி42 என்றால் பட்ரோல் ஜீப். அமெரிக்காவில் பள்ளி பஸ்களை வீடாக்குபவர்கள் அந்த வண்டியைச் செல்லமாக 'ஸ்கூலி' என்கிறார்கள். அவர்களும் டிடி466 எஞ்சினைத் தேடி வாங்குவது இதே காரணத்துக்காகத்தான்: இன்டர்நேஷனல் லொறிகளிலும் அதுவே ஓடியது, சாமானுக்குப் பஞ்சமில்லை.

போன மாதம், வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனோம். பின்சக்கரத்தின் பிரேக் சிலிண்டர் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. கழற்றிய பழையதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துப் போயிருந்தோம். கடை நானா அதை வாங்கி, டீசல் துணியால் இரண்டு முறை துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். துருவுக்குள்ளிருந்து 'எம்சி' என்ற இரண்டு எழுத்துகளும் மூன்று இலக்கங்களும் மட்டும் எழுந்து வந்தன. மீதி தேய்ந்து போயிருந்தது. அவர் அலுத்துக்கொள்ளவில்லை. வேர்னியரை எடுத்து உள்விட்டத்தை அளந்தார், போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தார், பிரேக் குழாய் ஏறும் மரையைத் தன்னிடமிருந்த ஒரு மூடியால் திருகிப் பார்த்தார். பிறகு மேல்தட்டைக் காட்டி, "அந்தக் கன்டர் பெட்டியை இறக்கு" என்று பையனிடம் சொன்னார். சரியாக உட்கார்ந்தது.

ஆனால் அதற்கு முந்திய வாரம் வேறொரு கடையில் இதே "கன்டர் சாமான் சரிவரும்" என்ற வாக்கை நம்பிக் கிளட்ச் தட்டு ஒன்றை வாங்கி ஏமாந்திருந்தோம். வெளிவிட்டம் துல்லியமாகச் சரி; நடுத்துளையின் பற்கள் வேறு. கியர்பெட்டியை இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது. கராஜில் பாஸ் (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் அழைப்போம்), "லேத்தில் கொடுத்து நடுவை மாற்றிப் போட்டுவிடலாம்" என்றார். அதையும் "சரிவரும்" என்றுதான் சொன்னார்!

நான் தேடும் சொல் இந்த இரண்டு 'சரிவரும்'களுக்கும் நடுவில் இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருப்பதை வைத்தே ஓட்டினோம். எது எதற்குச் சேரும் என்ற அறிவு பஞ்சிகாவத்தையில் மலைபோல் குவிந்திருக்கிறது, பெயர் மட்டும் இல்லை.

இதே கேள்விக்கு முன்பு வந்த யோசனைகளைப் பற்றி: 'இடைமாற்றுப் பாகம்' என்று கோவை நண்பர் எழுதியிருந்தார். மன்னிக்க வேண்டும், அதில் எனக்கு வாசம் வரவில்லை. எதற்கு இடையில், யார் மாற்றுகிறார்? 'நிகர்பாகம்' நன்றாக ஒலிக்கிறது, ஆனால் தராசில் வைத்து எடை பார்த்தது போல இருக்கிறது. வேண்டியது நிகரா என்பதல்ல, உட்காருமா என்பது.

என் யோசனை: தானாக உட்காருவது பொருந்துபாகம். வெட்டியோ கடைந்தோ உட்காரவைப்பது பொருத்துபாகம். தன்வினையும் பிறவினையும் ஓர் எழுத்தில் பிரிந்து நிற்கும் வசதி நம் மொழியில் இருக்கும்போது வேறெங்கே தேடுவது?

— பஸ்காரத் தம்பி, கொட்டாஞ்சேனை

*

தம்பிக்கு,

பஞ்சிகாவத்தைப் பகுதியை இரண்டு முறை வாசித்தேன். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். வாகனம் பற்றிய என் அறிவு 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி இறங்குவதோடு சரி. ஆகவே சொல்லைப் பற்றி மட்டும்.

'பொருந்துபாகம்' அருமை. அது வினைத்தொகை, பொருந்திய, பொருந்துகின்ற, பொருந்தும் என்று மூன்று காலத்தையும் உள்ளடக்கியது. ஊறுகாயைப் போல. ஆகவே நடுவில் ப் போடாதீர்கள். 'உதிரிப்பாகம்' பழக்கத்தில் பலர் 'பொருந்துப்பாகம்' என்று எழுதுவார்கள், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

'பொருத்துபாகம்' வேண்டாம். இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் நீங்கள் தொலைபேசியில் சொல்வீர்கள், பின்னால் லொறி ஹோன் அடிக்கும், கடைக்காரர் ந்-ஐத் த்-ஆகக் கேட்பார். பிரேக் சாமானில் ஓர் எழுத்தை நம்பிப் பிள்ளைகளை ஏற்றலாமா? வேறுபாடு பெரிதென்றால் சொல்லும் தூரத்தில் நிற்க வேண்டும்.

முதலில் 'திருத்துபாகம்' என்று நினைத்தேன். ஆனால் இங்கே வாகனம் திருத்துவது என்றாலே பழுதுபார்ப்பது; எல்லாச் சாமானும் திருத்தத்துக்கு வந்ததுதானே. பிறகு வீட்டு முற்றத்து மாமரம் கண்ணில் பட்டது. ஒட்டு மாமரம். ஒன்றின் தண்டில் இன்னொன்றைச் சீவி, பொருத்தி, கட்டி வைத்து வளர்த்தது. ஆகவே ஒட்டுப்பாகம். இதில் ப் வரும்; இங்கே 'ஒட்டு' பெயர், வன்தொடர்க் குற்றியலுகரம். துணியில் ஒட்டுப் போட்டது என்ற இளக்காரமும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. வாங்குபவனுக்கு அந்த எச்சரிக்கை நல்லது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இலக்கணத்தில் இதற்குப் பொன்னான சொல் ஏற்கெனவே இருந்தது. நிலம் என்ற இடத்தில் நிலன் நிற்கும், பந்தல் என்ற இடத்தில் பந்தர் நிற்கும், பொருள் மாறாது. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து அதே வேலையைச் செய்வதற்குப் பெயர் 'போலி'. உங்கள் கன்டர் சிலிண்டர் சுத்தமான போலி! ஆனால் அதைக் கடையில் போய்க் கேட்டுப்பாருங்கள், அடிக்க வருவார்கள்.

— வெள்ளவத்தையிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

'ஒட்டுப்பாகம்' என்ற சொல்லைக் கண்டவுடன் என் பொருத்துபாகத்தை விட்டுவிட்டேன். கராஜில் சொன்னேன், பாஸ் சிரித்துவிட்டு, கிளட்ச் தட்டைக் கடைவது பற்றி அதன்பிறகு பேசவில்லை.

சொல்லுக்கு ஓர் எல்லை போடுகிறேன். இருக்கைச் சட்டம், ஜன்னல் ரப்பர், தண்ணீர்த் தாங்கியின் பிடிகள், உள்விளக்கு எல்லாம் ஒட்டுப்பாகமாக இருக்கலாம். பஸ்ஸை வீடாக்கும் வேலையில் பாதி அதுதான். பிரேக்கும் ஸ்டியரிங்கும் பொருந்துபாகம் மட்டுமே. ஒரு பக்கச் சிலிண்டரின் உள்விட்டம் மறுபக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால், ஒரே எண்ணெய் அழுத்தம் அந்தப் பக்கச் சக்கரத்தை மட்டும் கூடுதலாகப் பிடிக்கும். வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். மழையில் ஹபரணைப் பாதையில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

நேற்று 12 சாமான்களை எழுதி, மேலே இரண்டு சொற்களையும் விளக்கி, நானாவிடம் பட்டியலைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார். விளக்கம் எதுவும் கேட்கவில்லை. பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'பொ' அல்லது 'ஒ' என்று போட்டுக்கொண்டே போனார். ஒன்பது 'பொ', இரண்டு 'ஒ'. பயணிகள் கதவின் நெம்புகோலுக்கு மட்டும் இரண்டையும் எழுதி நடுவில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். சனிக்கிழமை பழையதைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார்.

— பஸ்காரத் தம்பி